மூன்று ஏப்பம்

போன வாரம் என் மகள், விருந்துக்கு வாங்கி மிஞ்சிப்போன கோலாவை, என் பேச்சில் கறுப்புக் கலரை, கக்கூசில் கவிழ்த்தாள். அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்தாள். பல வருசத்து மஞ்சள் கறை போன இடம் தெரியவில்லை. பீங்கான் பல்லைக் காட்டிச் சிரித்தது. "பாத்தியாம்மா, ஆசிட்டே வேண்டாம்" என்றாள். அதே பாட்டிலில் இருந்ததற்குத்தான் மத்தியானம் அவள் பிள்ளைகள் இரண்டும் மல்லுக்கு நின்றிருந்தன. நான் அந்த வெள்ளைப் பீங்கானையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறொரு வாய் எனக்கு ஞாபகம் வந்தது.

என் வயதுக்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. நம் காலத்திலேயே ஜீப்பு ஓட்டுகிறவர்கள் பேட்டரியில் பூத்த பச்சையைக் கலர் ஊற்றிக் கழுவினார்கள். நம் அம்மாக்கள் புளியையும் எலுமிச்சை மூடியையும் வைத்துக் குடத்தைத் தங்கமாக்கினார்கள். புளிப்பு எதையும் தின்னும் என்று அவர்களுக்குத் தெரியும். பித்தளையைத் தின்னும், துருவைத் தின்னும். ஆனால் அது வாய்க்குள் போனால் மட்டும் சாதுவாகிவிடும் என்று எப்படியோ நம்பிவிட்டார்கள். நானும் நம்பியிருப்பேன். என்னை நம்பவிடாமல் செய்தது என் பொறாமை. அறிவு என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

அவள் ஐப்பசி மழையோடு வந்தாள். மலையிலிருந்து ஏலக்காய் ஏற்றி இறங்கும் ஜீப்பின் பின்பக்கம், மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சின்ன மூட்டையாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மாமன் மகள். மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. மேலே எஸ்டேட்டில் மேஸ்திரி. மாமி செத்து ஒரு வருசம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு எட்டு. வெளுத்த முகம், குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் ஒரு வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

"வயித்து வலின்னு சுருண்டு சுருண்டு படுத்துக்கிறாக்கா. மேல வைத்தியத்துக்கு எங்கிட்டுப் போக? மழை முடியிற மட்டும் வச்சுப் பாரு" என்றார் மாமா.

அம்மா அந்த வயிற்றைப் பரங்கிக்காயைத் தட்டுவதுபோல இரண்டு விரலால் தட்டிப் பார்த்தாள். "மலைக்காத்துடா தம்பி. நீ கவலைப்படாம ஒஞ் சோலியப் பாரு. ஒரு மாசத்துல வத்த வச்சு அனுப்புறேன்."

எங்கள் ஊர் போடியில் அப்போது எல்லோரும் அறிந்த வியாதி மலைக்காத்து. மேலே குளிரில் கிடக்கிறவர்கள் விழுங்குகிற காற்று வயிற்றில் தங்கிவிடும். கீழே வெக்கைக்கு வந்ததும் உப்பும். அதை விரட்ட இன்னொரு காற்றை உள்ளே அனுப்ப வேண்டும். அதாவது சோடா. மலையிலிருந்து இறங்கியவர்கள் பஸ்சை விட்டுக் காலை ஊன்றியதும் ஒரு சோடாவை உடைத்துக் குடித்து, தெருவே கேட்க ஏப்பம் விட்டுவிட்டுத்தான் சொந்தக்காரர் வீட்டுக்கு வழி கேட்பார்கள். பெரியவர்களுக்கு வெறும் சோடா. பிள்ளைகளுக்கு அது மூக்கில் ஏறும் என்பதால் கலர்.

கலர்! எழுதும்போதே எச்சில் ஊறுகிறது. வெட்கமாகவும் இருக்கிறது. திருவிழாவுக்குத் திருவிழா ஒரு பாட்டிலை நாலு பேர் பங்கு போட்டுக் குடித்த சாதி நாம். அந்தச் சிவப்பு, வேறெந்தச் சிவப்பிலும் கிடையாது. அதை மாமன் மகள் தினம் ஒரு பாட்டில் தனியாகக் குடித்தாள். மருந்தாக.

அம்மா ஏலக்காய்க் கிட்டங்கியில் காய்க்குக் காம்பு நறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். சின்னக் கத்தரியால் ஒவ்வொரு காயின் வாலையும் வெட்ட வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது அவள் முடியில், முந்தானையில், விரல் இடுக்கில் எல்லாம் ஏலம் மணக்கும். அப்பா அந்தச் சமயம் சிலமலைப் பக்கம் சோளக்காட்டில் காவல் கிடந்தார். எனவே அம்மா வாசலில் நுழையும் அந்த நேரம் எனக்கே எனக்கு என்று இருந்தது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூக்கை வைத்து உறிஞ்சுவேன். மாமன் மகள் வந்த பிறகு, அம்மா நுழைகிறபோதே குரல் கொடுத்தாள்: "ஆத்தா, எங்கம்மா இருக்க? அத்தை வந்துட்டேன்." என் பக்கம் திரும்பி, "ஏ கழுதை, நின்னுக்கிட்டே இருக்க? வெரசா ஓடிக் கலரக் கொண்டா."

நான்தான் போய் வாங்கிவர வேண்டும். அதைவிடக் கொடுமை உண்டா சொல்லுங்கள்.

சோடாக் கம்பெனி எங்கள் தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகை. சோடாக்காரர் இரும்புக் கூண்டில் பாட்டில்களைப் படுக்கவைத்து, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார். உள்ளே கோலிகள் கடகடவென்று உருளும். கூண்டுக்கு அடியில் சிந்துவதெல்லாம் ஒரு கருங்கல்லின் மேல் வடிந்து வாசலுக்கு ஓடும். அந்தக் கல் அம்மை முகம்போலக் குழி குழியாக இருந்தது. அவர் கால் பெருவிரல் நகமும் அப்படித்தான்.

"யாருக்கு, மலைக்காத்துக்கா?" என்பார்.

"ஆமா. எனக்கில்ல."

"ஒனக்கு வேணும்னா நீயும் மலையேறிட்டு வா மாப்ளே." பெண் பிள்ளைகளையும் மாப்ளே என்றுதான் கூப்பிடுவார். நானும் மலையேற வேண்டும் என்று உண்மையாகவே திட்டம் போட்டேன். குரங்கணி வரைக்கும் நடந்து போய், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு குளிர்காற்றை வயிறு முட்ட விழுங்கிவிட்டு வந்துவிடுவது என்று.

வீட்டில் பூசைபோல நடக்கும். அவளைப் பலகையில் உட்காரவைத்து, அம்மா நாலு வெடித்த ஏலக்காயை நசுக்கி டம்ளரில் போடுவாள். கோலியை உள்ளே தள்ளுவாள். டுப். சிவப்பு நுரைத்துக்கொண்டு டம்ளரில் இறங்கும். அவள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிப்பாள். "மதி அத்தை" என்பாள். மலையில் அக்கம்பக்கத்து மலையாளத்துப் பிள்ளைகளோடு திரிந்ததில், போதும் என்பதற்கு அவள் வாயில் மதிதான் வரும். "இன்னம் ஒரு வாயி. எஞ் செல்லம்ல" என்று அம்மா கெஞ்சுவாள். பிறகு வலது கையை அவள் தொண்டைக்குழியில் வைத்து, நெஞ்சு வழியாக மெல்ல மெல்லக் கீழே இழுப்பாள். "வா... வா..." என்று உள்ளே இருக்கும் காற்றைக் கூப்பிடுவாள். ஏப்பம் வரும். அம்மா முகம் விளக்கேற்றியதுபோல ஆகும். "போச்சு. ஒரு காத்து போச்சு!" மூன்று ஏப்பம் வந்தால் அன்றைக்கு மருந்து முடிந்தது. வராவிட்டால் வருகிறவரை கையால் இழுப்பாள்.

நான் மூலையில் உட்கார்ந்து சாம்பலைத் தொட்டு விளக்குச் சிம்னியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். முதலில் எனக்கு டம்ளர் மேல்தான் கண் இருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கை மேல் போய்விட்டது. ஏலம் மணக்கும் அந்தக் கை என் தொண்டைக்குழியில் இறங்கியதே இல்லை. எனக்கு எந்த வியாதியும் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன்.

ஆகவே ஏப்பம் விடக் கற்றுக்கொண்டேன். புறவாசல் வாழைக்குப் பின்னால் நின்று பயிற்சி. வாயை மூடி, கழுத்தை நீட்டி, காற்றைச் சோற்றுருண்டைபோல விழுங்கி, பிறகு வயிற்றை எக்கினால் வரும். நாலு நாளில் நினைத்தபோது வரவழைத்தேன். ஒரு சாயங்காலம் அவளுடைய முதல் ஏப்பம் முடிந்ததும் நான் அதைவிடப் பெரிதாக ஒன்று விட்டேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"என்னாடி தவக்கள மாதிரி? அங்கிட்டுப் போ."

மாமன் மகள் சிரித்துவிட்டாள். புதிதாக முளைத்த முன்பற்கள் இரண்டும் அரிசிபோலத் தெரிந்தன. அந்தச் சிரிப்பை நான் அவளுக்கு மன்னிக்கவில்லை. அவள் கெட்டவள் இல்லை என்பது இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்துதான் இருந்தது. படுக்கும்போது என் பக்கமாகவே ஒட்டிக்கொள்வாள். நான் பாயின் ஓரத்தில் மடிப்பு வைத்து எல்லை போட்டிருந்தேன்.

காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. கோலி சோடா குடித்தவர்களுக்குத் தெரியும், கடைசிச் சொட்டு எளிதில் வராது. கோலி வந்து கழுத்தை அடைத்துக்கொள்ளும். சாய்க்கிற விதமாகச் சாய்த்தால் ஒரு மடக்குக் கிடைக்கும். அதைக் குடிக்காமல் ஒரு கொட்டாங்கச்சியில் சேர்த்தேன். குடித்தால் தீர்ந்துவிடும், வைத்திருந்தால் என்னிடமும் கலர் இருக்கும். அப்படி ஒரு புத்தி. வாழைத் தூருக்குப் பின்னால், ஓட்டுச் சில்லால் மூடி வைத்திருந்தேன்.

அந்த மழையில் அம்மாவின் கத்தரி துருப்பிடித்துவிட்டது. காயில் துரு பட்டால் கிட்டங்கியில் வைவார்கள். அம்மா செங்கல் பொடியில் தேய்த்துப் பார்த்து அலுத்துப்போனாள். சோடாக்காரர் பெண்சாதி, விற்காமல் திரும்பிய கலரில் பித்தளைக் குடம் கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். கத்தரியை எடுத்துப் போய் என் கொட்டாங்கச்சியில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். விடிந்து எடுத்துத் துணியால் துடைத்தால், துரு சேறுபோல வழித்துக்கொண்டு வந்தது. அடியில் வெள்ளி. ஓசைப்படாமல் அம்மாவின் கூடையில் வைத்துவிட்டு, கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அம்மா எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரு ஆத்தா, நீயா தீட்டி வச்ச?" என்று அவளைத்தான் கேட்டாள். அவள் எதைக் கேட்டாலும் பயத்தில் தலையாட்டுகிற பிள்ளை. ஆட்டினாள்.

"தாயில்லாப் பிள்ளைக்கு இருக்கிற கருத்தப் பாரு" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

நாந்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் கொட்டாங்கச்சியைக் காட்ட வேண்டும். பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த நாள் பானையிலிருந்து கருப்பட்டியை எடுத்துத் தின்றுவிட்டு, அவள்தான் திருடினாள் என்று சொன்னேன். அம்மா அவளைக் கேட்கவே இல்லை. என் தாடையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். முதுகில் இரண்டு விழுந்தது. "பொய்க்காரச் சிறுக்கி! இனி அவளப் பத்தி எங்கிட்ட ஒன்னும் சொல்லாத."

அந்த ஒரு கருப்பட்டித் துண்டின் விலை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. அதைக் கொடுத்தது நானில்லை, அவள்.

எட்டு நாள் கழித்து, மழை வெறித்த ஒரு காலையில், புறவாசல் செம்மண் சுவரை அவள் நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அல்வா தின்பதுபோல. கலருக்கு முகம் சுளிக்கிறவள் மண்ணுக்குச் சுளிக்கவில்லை. எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அம்மா வருகிறவரை பொறுத்திருந்தேன். மருந்து நடந்துகொண்டிருக்கும்போதே சொன்னேன். "அம்மா, அவ மண்ணு திங்கிறா."

"ஆரம்பிச்சுட்டியா?"

"நெசமாம்மா. நாக்க நீட்டச் சொல்லு."

அம்மா அலுத்துக்கொண்டே, "நீட்டு ஆத்தா" என்றாள். நீட்டினாள். நாக்கு, பல், உதடு எல்லாம் கலரின் சிவப்பு. அதில் செம்மண்ணை எங்கே தேடுவது? அவளும் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். மண் தின்கிற பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னது நான். கருப்பட்டி தின்ற வாய்.

இதற்கிடையில் எனக்கு ஒரு பால்பல் விழுந்தது. நம் வழக்கம்தான் தெரியுமே. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிய வேண்டும். இல்லையென்றால் மறுபல் முளைக்காது. நான் எறியவில்லை. கத்தரியைக் கடித்துக் குதறிய அந்தச் சிவப்புத் தண்ணீர் பல்லை என்ன செய்யும் என்று ஒரு அரிப்பு. கொட்டாங்கச்சியில் போட்டேன். தினமும் புதுச் சொட்டுகள் ஊற்றினேன். ஏழாம் நாள் எடுத்தேன். பளபளப்பெல்லாம் போய், சுண்ணாம்புக் கட்டிபோல வெளிறி, ஒரு அழுக்குச் சிவப்பு ஏறியிருந்தது. நகத்தால் கீறினேன். மாவாக உதிர்ந்தது.

அன்று காலையில்தான் அவள் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பல்லுக் கூசுது" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். முன்பல்லின் ஓரம் மெலிந்து கண்ணாடிபோலத் தெரிந்ததையும் பார்த்திருந்தேன். நான் ஓடியது அவளைக் காப்பாற்றவா? நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன்: இல்லை. இனி அவளுக்குக் கலர் கிடையாது, பலகை கிடையாது, அந்தக் கை கிடையாது. அந்தச் சந்தோசத்தில்தான் ஓடினேன்.

"அம்மா, கலரு பல்லத் திங்குது! இங்க பாரு!"

அம்மா உள்ளங்கையை நீட்டி வாங்கினாள். குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இது ஒம் பல்லா?"

"ஆமா."

"எப்ப விழுந்துச்சு?"

"போன வாரம். கலர்ல போட்டு வச்சேன். பாரு, மாவா போயிருச்சு."

"அடிப் பாவி, கூரைல போடலியா? ஏழு நாளாவா வச்சிருக்க? ஓட்டப் பல்லோட நின்னா ஒன்னைய எவன்டி கட்டுவான்?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அடுத்த வீட்டுத் தொழுவத்தில் சாணியை எடுத்து, என் சாட்சியை அதில் பொதிந்து, சூரியனைப் பார்த்துக் கும்பிட்டு, ஓட்டின் மேல் எறிந்தாள். தொம்மென்று விழுந்து உருண்டு ஓட்டிடுக்கில் தங்கியது. "அம்மா, கலரு..." என்றேன். "பொறாம புடிச்சு அலையாதடி. அது அந்தப் பிள்ளைக்கு மருந்து" என்றாள். பொறாமை என்று அவள் சொன்னது உண்மை. நான் சொன்னதும் உண்மை. என் மறுபல் நன்றாகவே முளைத்தது. இன்றும் இருக்கிறது.

கார்த்திகை முடிவில் மாமா இறங்கி வந்தார், பொரிவிளங்காய் உருண்டைகளோடு. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அந்த உருண்டை எப்படிக் கெட்டியாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் கடைவாயில் வைத்து உடைத்தேன். அவள் முன்பல்லால் கடித்தாள். ஒரு சின்னச் சத்தம். உருண்டையை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு வெள்ளைச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அழக்கூட இல்லை. நாக்கால் துழாவி, அந்த இடம் எங்கே போயிற்று என்று தேடினாள்.

மாமா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அம்மா பின்னால் ஓடினாள். நான் அம்மாவுக்குப் பின்னால். கம்பவுண்டர் வாயைப் பார்த்தார். பிறகு எதற்கோ அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே இலவம்பஞ்சுபோல வெள்ளை.

"இந்தப் பிள்ள மண்ணு திங்குமா?"

அம்மாவின் தலை மெதுவாகத் திரும்பியது. என்னைப் பார்த்தாள். வாழ்நாளில் அம்மா என்னை அப்படி முழுதாகப் பார்த்தது அந்த ஒரு தரம்தான். அந்தக் கண்ணில் இருந்ததை இன்றைக்குப் படிக்கத் தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்:

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல!"

மாமா என்னைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். "வயித்துல பூச்சி. மருந்து குடுத்தா ரெண்டு நாள்ல போயிரும்" என்றார் கம்பவுண்டர். "பல்லுக்கு என்ன குடுத்தீக?" "கலரு" என்று நான்தான் அதற்கும் பதில் சொன்னேன்.

பூச்சி போனது. வயிறு வற்றியது. அம்மா வாக்குக் கொடுத்த மாதிரியே வற்றவைத்து அனுப்பினாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பலகை சுவரோடு சாத்தப்பட்டது. சாயங்காலம் அம்மா வாசலில் நுழையும்போது யார் பெயரையும் கூப்பிடவில்லை. நான் போய் முந்தானையைப் பிடித்தேன். விலக்கவில்லை. ஆனால் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. பொய்க்காரியை வைதுவிடலாம். சரியாகச் சொன்னவளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லைபோல.

மாமன் மகள் ஜீப்பில் ஏறுகிற அன்று, மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு பச்சைக் கோலி. கூண்டுக்குள் ஒரு பாட்டில் வெடித்தபோது சோடாக்காரர் அவளுக்குக் கொடுத்தது. எனக்குக் கொடுக்காதது. ராத்திரி பாயில் எல்லைக்கு அந்தப்பக்கம் அவள் அதைக் கண்ணில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் நான் புரண்டு படுத்திருக்கிறேன். "ஒனக்குத்தான்" என்றாள். சொல்லும்போது மேலுதட்டை இறக்கிப் பல்லை மறைத்துக்கொண்டாள். எட்டு வயதிலேயே பழகிவிட்டாள்.

ஜீப்பு திரும்பியதும் நேரே கொட்டகுடி ஆற்றுக்குப் போய், செம்மண் கரைந்து ஓடிய தண்ணீரில் அதை வீசி எறிந்தேன். மறுநாள் போய் முழங்கால் தண்ணீரில் நின்று தேடினேன். அதற்கு மறுநாளும். ஆறு எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போயிருந்தது.

அவள் மலையிலேயே வாக்கப்பட்டாள். முன்பற்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து, முப்பது வயதுக்குள் போய்விட்டன. கல்யாண வீடுகளில் பார்ப்பேன். சிரிப்பு வரும்போதெல்லாம் கை தானாக எழும்பி வாயை மூடும். அந்தக் கையைப் பார்த்தும் நான் பொறாமைப்பட்டேன், நம்புங்கள். அவ்வளவு அழகாக மூடுவாள். அம்மா ஒவ்வொரு தடவையும் அவளைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். சும்மா முழங்கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். பிறகு மாமன் மகள் பல்செட்டுக் கட்டிக்கொண்டாள். "எம் பல்லுக்குத்தான் கொடுத்து வச்சிருக்கு, நாந் தூங்கினாலும் அது டம்ளருக்குள்ள சிரிச்சுக்கிட்டுக் கெடக்கு" என்று பந்தியையே சிரிக்கவைத்தாள். கை மட்டும் பழக்கத்தில் எழும்பியது.

போன தை மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசி ஆறு மாதம் என் வீட்டில் இருந்தாள். ஆள் அடையாளம் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டு வந்தது. முதலில் பேரப்பிள்ளைகளை மறந்தாள், பிறகு என் வீட்டுக்காரரை, கடைசியில் என்னை. "நீ யாரு வீட்டுப் பிள்ள? நேரமாச்சு, ஒங்க வீட்டுக்குப் போ" என்று எனக்கே சொல்வாள்.

ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டேன். என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். மெல்ல மெல்ல அந்தக் கிழட்டு முகத்தில் விளக்கேறியது. எனக்கு அந்த வெளிச்சம் தெரியும். சிம்னி துடைத்துக்கொண்டே ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

"ஆத்தா, எப்ப வந்த?"

நான் யாரென்று சொல்லியிருக்கலாம்.

"குடிச்சியா?" என்றாள். "காத்து எறங்குச்சா?" கை எழும்பியது. என் தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்தது. எலும்பும் தோலுமான விரல்கள். எந்த வாசனையும் இல்லை. நெஞ்சு வழியாக மெல்லக் கீழே இறங்கியது. "வா... வா..." என்று உள்ளே இருப்பதைக் கூப்பிட்டாள்.

வாயை மூடி, கழுத்தை நீட்டி, காற்றை விழுங்கினேன். மறந்திருக்கவில்லை. பேரன் பேத்தி எடுத்த பொம்பளை, பட்டப்பகலில், என் தாய்க்கு முன்னால் உட்கார்ந்து ஏப்பம் விட்டேன்.

"போச்சு! ஒரு காத்து போச்சு."

இரண்டாவது உடனே வந்தது. மூன்றாவதை வேண்டுமென்றே தாமதித்தேன். அவள் கை மறுபடி மறுபடி இறங்கியது. "எஞ் செல்லம்ல, இன்னம் ஒன்னே ஒன்னு." விட்டேன். அவள் அயர்ந்து தலையணையில் சாய்ந்தாள்.

"மதி அத்தை" என்றேன், என் தாயைப் பார்த்து.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமன் மகள் மலையிலிருந்து வந்திருந்தாள். எல்லோரும் பந்தியில் இருந்தபோது, பரிமாறிய கையைப் புறவாசலில் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒன்னு கேக்கட்டுமா மதினி? கடைசியில அத்த என்னையக் கேட்டாகளா?"

நான் எழுதுகிற இதை யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டினால் காட்டட்டும்.

"இல்லியே" என்றேன்.

அவள் கை எழும்பி வாயை மூடியது. பிறகு கீழே இறங்கி, என் முதுகில் வந்து தடவியது. "அதானே. ஒன்னைய விட்டா அவகளுக்கு வேற யாரு இருந்தா?" என்றாள்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத என் வயிற்றிலிருந்து ஒரு காற்று உருண்டு எழும்பித் தொண்டைக்குழி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.